மைனஸ் மார்க்

மாமாவுக்கு மைனஸில் மார்க் வந்ததற்கு நான்தான் காரணம். ஒரு பக்கத்தை நீக்க மறந்துவிட்டேன்.

கிள்ளானில் மாமா வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அத்தை மீன் குழம்புச் சட்டியை உள்ளே எடுத்துப்போய், மேசையைத் துடைத்துக் கொடுத்த பிறகு என் லெப்டாப்பைத் திறந்துவைத்தேன். மாமாவின் தலையில் ஹெட்போனை மாட்டினேன். இருபத்தைந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒரே இசைத்துண்டு இரண்டு முறை ஒலிக்கும். இரண்டிலும் இசைக்கு மேலே 'பீப், பீப்' என்று ஒரு சத்தம் போய்க்கொண்டிருக்கும். ஒன்றில் பீப் தாளத்தோடு சேர்ந்து போகும், மற்றொன்றில் கொஞ்சம் தள்ளி விழும். சேர்ந்து போவது முதலாவதா, இரண்டாவதா? அவ்வளவுதான் கேள்வி.

மாமா கடைசிக் கேள்வியை அழுத்திவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தார். உங்கள் மதிப்பெண்: -0.87.

"என்னாம்மா, மைனஸ் போட்டிருக்கு? ஸ்கூல்ல முட்டை வாங்கியிருக்கேன். முட்டைக்குக் கீழயும் ஒண்ணு இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

சிரித்தார். அத்தையும் சிரித்தார். பக்கத்தில் நின்றிருந்த அவருடைய பேரன், "தாத்தா ஃபெயிலா?" என்று கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. மாமா நாற்பது வருடமாக உறுமி வாசிக்கிறவர். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் அவர் குழு வாசிக்கிறதென்றால், காவடி தூக்குகிறவர்கள் அவருக்கு முதல் நாளே போன் பண்ணி எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்பார்கள். அவருடைய தாளத்துக்குத்தான் நான் மைனஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இது நான் உருவாக்கிய சோதனை இல்லை. இசைத் திறனை அளக்கும் ஆசை பழையது. அமெரிக்காவில் கார்ல் சீஷோர் 1919இல் கிராமபோன் இசைத்தட்டுகளில் சோதனைகளை வெளியிட்டார். இரண்டு தாளக்கட்டுகளைக் கேட்டு, ஒன்றேதானா வேறா என்று சொல்வது பின்னாளில் அதில் ஒரு பகுதியாகச் சேர்ந்தது. இசைத்தட்டுக்கு யார் கேட்கிறார்கள் என்று தெரியாது. வித்வானுக்கும் பச்சைப் பிள்ளைக்கும் அதே கேள்விகள், அதே வரிசையில். 2008இல் ஜான் ஐவர்சனும் அனிருத் படேலும் இந்தப் பீப் யோசனையைக் கொண்டுவந்தார்கள். கையால் தட்டத் தெரியாதவருக்கும் காதால் தாளம் தெரியலாம் அல்லவா, அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க இது வழி. பத்து வருடம் கழித்து, 2018இல், பீட்டர் ஹாரிசனும் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் டேனியல் முல்லென்சீஃபனும் அதைக் கேட்பவருக்கு ஏற்ப மாறும் கணினிச் சோதனையாக்கினார்கள். 'ஆர்' மொழியில் எழுதப்பட்ட இலவச மென்பொருள், யாரும் இறக்கிக்கொள்ளலாம். என் ஆய்வுக்கு அதைத் தமிழில் ஓடவைக்க வேண்டும். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று மேற்பார்வையாளரிடம் சொல்லியிருந்தேன்.

ஒரு வாரத்தில் முடியவில்லை.

நிறுவுவதே பெரிய வேலை என்று நினைத்தேன், அது இரண்டு கட்டளையில் முடிந்தது. தமிழ்தான் முடியவில்லை. ஆய்வகத்தின் விண்டோஸ் கணினியில் பழைய 'ஆர்' பதிப்பு. அதில் 'தாளம்' என்று அடித்தால் திரையில் 'த' வராது. யு, பிளஸ், பூஜ்யம், பி, ஏ, நான்கு என்று கொக்கிகளுக்கு நடுவே ஒரு கார் நம்பர் பிளேட் வரும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நம்பர் பிளேட். 2022இல் வந்த 4.2 பதிப்பிலிருந்துதான் விண்டோஸில் 'ஆர்' யுடிஎஃப்-8ஐத் தனக்குரிய எழுத்துமுறையாக எடுத்துக்கொண்டது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. பதிப்பை மாற்றினேன். 'த' வந்தது. அதைப் பார்த்துக் கை தட்டியது எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது. ஆய்வகத்தில் இருந்த சீனத் தோழி, "ஏதாவது முடிவு வந்துடுச்சா?" என்று கேட்டாள். ஒரு எழுத்து வந்திருக்கிறது என்றேன்.

அடுத்தது அகராதி. இந்த மென்பொருளில் திரையில் தோன்றும் எல்லா வாக்கியங்களும் ஓர் அட்டவணையில் இருக்கும். ஒரு பத்தியில் வாக்கியத்தின் அடையாளச் சொல், அடுத்தடுத்த பத்திகளில் ஒவ்வொரு மொழி. புதிய மொழி வேண்டுமென்றால் ஒரு பத்தி சேர்க்க வேண்டும். எக்செல்லில் திறந்து தமிழை நிரப்பி, அவசரத்தில் சாதாரண சிஎஸ்வி என்று சேமித்தேன். மறுநாள் திறந்தபோது தமிழ் முழுவதும் கேள்விக்குறி. வரிசை வரிசையாக, ஒரு வாக்கியத்துக்குப் பதினைந்து இருபது கேள்விக்குறிகள். என் இரண்டு நாள் மொழிபெயர்ப்பு. பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை.

ஒருவிதத்தில் அது நல்லதாய்ப் போயிற்று. முதல் மொழிபெயர்ப்பு சரியில்லை என்று எனக்கே தெரியும். ஆங்கிலத்தில் 'பீட்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். தமிழில் என்ன சொல்வது? தாளம் என்றால் முழுச் சுற்றும் வந்துவிடும். மாத்திரை என்றால் ஒரு தலைமுறைக்கு இலக்கண வகுப்பும் இன்னொரு தலைமுறைக்குக் கிளினிக்கும் ஞாபகம் வரும். துடிப்பு என்றால் இதயம். அடி என்று வைத்திருந்தேன். ஆனால் அடி என்பது யாரோ உண்மையில் அடிப்பது. பீட் விழுகிற இடத்தில் சில சமயம் எந்த வாத்தியமும் ஒலிக்காது, நம் கால் மட்டும் அங்கே தட்டும். கடைசியில் அதையே எழுதினேன்: 'பாட்டுக்கு நீங்கள் கால் தட்டினால் கால் விழும் இடம்.' ஒரு சொல்லுக்கு ஏழு சொல். கல்விப்புலத் தமிழ் இதை ஏற்காது. என் மாமா ஏற்பார் என்று நினைத்தேன். யாருக்காக எழுதுகிறோம் என்று ஒரு முகம் மனதில் இருந்தால் மொழிபெயர்ப்பு வேகமாகப் போகிறது.

மற்ற தொல்லைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். போன் உலாவிகள் பயனர் எதையாவது தொடாமல் ஒலியைத் தானாக ஓடவிடாது, அதனால் சிலருக்கு முதல் கேள்வி மௌனமாக வந்தது. 'கேட்க இங்கே தொடவும்' என்று ஒரு பொத்தான் வைத்தேன். முதலில் ஏற்றிய இலவச இடத்தில் செயலி தூங்கி எழுந்தால் சேமித்த கோப்புகள் போய்விடும். மூன்று நண்பர்களின் பதில்கள் அப்படிப் போயின, அவர்களுக்கு மாமாக் கடையில் ரொட்டி வாங்கிக்கொடுத்து மறுபடி செய்யவைத்தேன். புளூடூத் ஹெட்போனில் ஒலி தாமதமாக வருமே, தாளச் சோதனை கெட்டுவிடாதா என்று இரண்டு இரவு கவலைப்பட்டேன். பிறகுதான் உறைத்தது. கையால் தட்டவைக்கும் சோதனையென்றால் கெடும். இதில் பீப்பும் இசையும் ஒரே ஒலிக்கோப்பில் கலந்திருக்கின்றன. தாமதமானால் இரண்டும் சேர்ந்தே தாமதமாகும்.

எல்லாம் ஓடத் தொடங்கியபின் என்னை நானே சோதித்துக்கொண்டேன். பிளஸ் 0.9. பத்து வயதில் கோயில் மிருதங்க வகுப்பில் வாத்தியார் என்னைப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்குத் தாளம் வராது, வாய்ப்பாட்டுக்கு அனுப்புங்க" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். அந்த 0.9ஐப் படமெடுத்து அம்மாவுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். ஒலிக்கோப்புகளைச் சரிபார்க்கிறேன் பேர்வழி என்று அதே துண்டுகளை இருபது முறை கேட்டிருந்ததை அவரிடம் சொல்லவில்லை.

அந்த மகிழ்ச்சியில்தான் மதிப்பெண் காட்டும் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டுக் கிள்ளானுக்குப் போனேன்.

மைனஸ் என்றால் என்ன என்று மாமாவுக்கு விளக்கக் கண் கடையைத் துணைக்கு அழைத்தேன். கண்ணாடிக்காரர் கண்ணுக்கு முன்னால் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்பார் இல்லையா? முதலில் பதில் சுலபம். போகப்போக இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், குத்துமதிப்பாகச் சொல்வோம். அந்த இடம்தான் நம் பவர். இதுவும் அப்படித்தான். ஒவ்வொரு கேள்வியும் எவ்வளவு கடினம் என்பதை முன்கூட்டியே நிறையப் பேரைக் கேட்கவைத்துக் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். பீப் அதிகம் தள்ளியிருந்தால் சுலபம். நிமிடத்துக்கு 120 அடி போகிற பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் அரை வினாடி. அதில் பத்தில் ஒரு பங்கு தள்ளிவைத்தால் 50 மில்லிசெகண்ட். அதற்கும் குறைத்துக்கொண்டே போனால் யாருக்கும் கஷ்டம். நீங்கள் ஒரு பதில் சொன்னதும் கணினி உங்களைப் பற்றி ஒரு மதிப்பு போடுகிறது, அந்த மதிப்பை அதிகம் கூர்மையாக்கக்கூடிய கேள்வியை அடுத்து எடுக்கிறது. சரியென்றால் ஏறும், தப்பென்றால் இறங்கும். அதனால் கெட்டிக்காரருக்கும் மற்றவருக்கும் சரியான பதில்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். எந்த உயரத்துக் கேள்விகளில் அதை வாங்கினார் என்பதுதான் மதிப்பெண்.

"அப்போ எல்லாருக்கும் கஷ்டமாத்தான் இருக்குமா?"

"எல்லாருக்கும், மாமா. அதுக்குத்தான் செஞ்சிருக்காங்க."

"அதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே?"

மைனஸும் அப்படித்தான். முதலில் கணக்கிட்டவர்களின் சராசரியைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வது இந்தத் துறையின் வழக்கம். ஆகவே ஏறக்குறையப் பாதிப் பேர் பூஜ்யத்துக்குக் கீழேதான் இருப்பார்கள். சூத்திரத்துக்குள் இருக்கும்போது அது ஒரு குறி, சாப்பாட்டு மேசையில் அது அவமானம். மாமாவின் கண்ணாடி பிளஸ் இரண்டு, என்னுடையது மைனஸ் மூன்று. அதற்காக யாரும் என்னைப் பார்த்து ஃபெயிலா என்று கேட்டதில்லை. போதாததற்கு, ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் அது எவ்வளவு முன்னேபின்னே இருக்கலாம் என்ற பிழை அளவையும் மென்பொருள் கணக்கிட்டு வைக்கிறது. நான் காட்டிய பக்கத்தில் அது இல்லை. -0.87 என்று கல்லில் வெட்டிய மாதிரி நின்றது.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் மாமா என்னை மறித்தார்.

"சரி, நீ அஞ்சாறு இடத்துல எனக்குத் தப்பு போட்டிருக்க. அதுல ஒண்ணைப் போடு."

போட்டேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரிலேயே கேட்டோம். பீப் தள்ளி விழும் துண்டு.

"இது தப்பா?"

"ஆமா மாமா. பாட்டுக்கு முன்னாடியே விழுது."

"முன்னாடி விழுது, சரி. ஆனா எப்பவும் அதே எடத்துலதானே விழுது? வேகம் மாறல. ஒரு தடவகூடத் தடுமாறல. இன்னொருத்தன் ஊடால அடிக்கிறான்னு நான் நினைச்சேன். எங்க செட்டுல ரெண்டாவது உறுமி அப்படித்தான் நிப்பான். எல்லாரும் ஒரே எடத்துல அடிச்சா அது என்னா மேளம்?"

மேசையில் ஒரு கையால் பாட்டின் தாளத்தையும் மறு கையால் பீப்பையும் தட்டிக் காட்டினார். சரியாக இருந்தது. இரண்டையும் அவர் பிரித்துக் கேட்டிருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பிடித்திருக்கிறார். கேள்வி கேட்ட விதத்தில் அதற்குப் பதில் இல்லை. இடம் மாறி விழும் ஒலியைப் பிழை என்று எடுத்துக்கொள்வதில்தான் சோதனை நிற்கிறது. கர்நாடக இசையில்கூடப் பாட்டு தாளத்துக்கு முன்னால் தொடங்கினால் அதீத எடுப்பு, பின்னால் தொடங்கினால் அனாகத எடுப்பு என்று தள்ளி நிற்பதற்குப் பெயர் வைத்துக் கொண்டாடுகிறார்கள். மாமாவுக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. அவருக்கு அது ரெண்டாவது உறுமி.

மாமாவுக்காக நான் வழக்காடுகிறேன் என்று தோன்றலாம். ஆனால் இருபத்தைந்து கேள்விகளிலும் அவர் இப்படித்தான் கேட்டார் என்று நான் சொல்லமாட்டேன். நாற்பது வருடம் மேளத்துக்குப் பக்கத்தில் நின்ற காது, தொலைக்காட்சியை அத்தை திட்டுகிற அளவுக்குச் சத்தமாக வைக்கிற காது. -0.87க்குள் அதுவும் இருக்கலாம். அந்த எண் காரணத்தைச் சொல்வதில்லை.

"நம்ம மேளத்த வச்சு இப்படி ஒண்ணு பண்ண முடியாதா?" என்றார்.

செய்யலாம், ஆனால் ஒலிக்கோப்பை மாற்றிப் போட்டால் போதாது. புதுத் துண்டு ஒவ்வொன்றும் எவ்வளவு கடினம் என்று மறுபடியும் முதலிலிருந்து, நூற்றுக்கணக்கானவர்களை உட்காரவைத்துக் கணக்கிட வேண்டும். அது தெரியாமல் கணினியால் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. அதற்கு முன்னால் இன்னொரு சிக்கல். மாமா உள்ளே போய் உறுமியை எடுத்துவந்து, வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்தார். அந்த உறுமல் எழும்பி, வளைந்து, அடங்கியது.

"இதுல பீப்ப எங்க வைப்ப?"

அடிக்கிற வாத்தியத்தில் ஒலி தொடங்கும் இடம் கூர்மையானது. மெதுவாக எழும் ஒலியில், அது எப்போது 'நிகழ்ந்தது' என்று காது எடுத்துக்கொள்ளும் நொடி ஒலி தொடங்கிய நொடியாக இருப்பதில்லை, அதற்குப் பிறகு எங்கோ இருக்கிறது. 1970களிலிருந்தே உளவியலாளர்கள் இதைப் பற்றி எழுதுகிறார்கள், பேச்சொலிகளில் தொடங்கி. நான் படித்திருக்கிறேன். மாமா மறுபடியும் தேய்த்தார், இன்னொரு கை விரல் மேசையைத் தொட்டது. "இங்க," என்றார். மறுபடி. "இங்க." ஒவ்வொரு முறையும் எனக்கும் அங்கேதான் என்று பட்டது, அவர் சொன்ன பிறகு.

மாலையில் பையன்கள் பயிற்சிக்கு வந்தார்கள். வீட்டுக்குப் பின்னால், கார் நிறுத்தும் கூரைக்குக் கீழே. எனக்கு ஜால்ராவைக் கொடுத்து உட்காரவைத்தார். பிளஸ் 0.9 வாங்கிய நான் நான்காவது சுற்றில் நழுவினேன். பக்கத்தில் இருந்த பன்னிரண்டு வயதுப் பையன் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தான். மாமா எதுவும் சொல்லவில்லை. நடையை ஒரு படி இறக்கினார். நான் பிடித்துக்கொண்டதும் மெல்ல ஏற்றினார். அந்தப் பையனுக்கும் அதையேதான் செய்துகொண்டிருந்தார், ஆனால் வேறு உயரத்தில். ஒரு கட்டு கொடுப்பார், அவன் பிடித்தால் அதில் ஒரு அடியை இடம் மாற்றுவார், விட்டால் பழையதற்கு வருவார்.

"தெரிஞ்சதையே கொடுத்தா தூங்கிருவான்," என்றார் பிறகு, தே குடிக்கும்போது. "தெரியாததையே கொடுத்தா மேளத்த வச்சிட்டுப் போயிருவான். போனவன் திரும்பி வரமாட்டான்."

"எப்பவாவது மார்க் சொல்வீங்களா மாமா?"

"எதுக்கு? அவனுக்குத் தெரியாதா?"

அன்று இரவே மதிப்பெண் பக்கத்தை எடுத்தேன். ஒரு வரிதான் நீக்க வேண்டியிருந்தது. முதல் பக்கத்துக்குத்தான் நேரமானது. 'இச்சோதனை பங்கேற்பாளரின் திறனுக்கேற்பத் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும்' என்று எழுதியிருந்தேன். மாமாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"யாரும்மா இப்படிப் பேசுவா? கோர்ட்டு லெட்டர் மாதிரி இருக்கு."

இருவரும் சேர்ந்து மாற்றினோம். இப்போது முதல் பக்கத்தில் இருப்பது இது: 'நீங்கள் சரியாகச் சொன்னால் அடுத்தது கொஞ்சம் கஷ்டமாக வரும். தப்பாகச் சொன்னால் கொஞ்சம் சுலபமாக வரும். அதனால் எல்லாருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். தெரியவில்லை என்றால் தோன்றியதை அழுத்துங்கள்.' நான்காவது வாக்கியத்தில் நான் 'ஊகித்து' என்று வைத்திருந்ததை 'தோன்றியதை' என்று மாற்றியவர் அவர். மேற்பார்வையாளர் ஆங்கில மூலத்தில் இந்தப் பத்தி இல்லையே என்றார். இல்லை என்றேன்.

திருத்திய சோதனையின் சுட்டியை மாமா தன் குழுவின் வாட்ஸ்ஆப்பில் போட்டார். மறுநாள் காலை முடிவுகள் சேரும் கோப்புறையைத் திறந்தேன். பதினோரு புதிய கோப்புகள். பெயர் கிடையாது, எண் மட்டும். முழுதாக முடித்தாரா, பாதியில் விட்டாரா என்பது கோப்பின் பெயரிலேயே இருக்கும். இரண்டு பேர் பாதியில் விட்டிருந்தார்கள். ஒன்பது பேர் முடித்திருந்தார்கள். அதில் ஒரு கோப்பு விடியற்காலை 2:13க்குச் சேமிக்கப்பட்டிருந்தது. அந்தக் குழுவில் அந்த நேரத்துக்கு விழித்திருக்கிறவர் யாரென்று எனக்குத் தெரியும். அத்தை சொல்லியிருக்கிறார், தூக்கம் வராவிட்டால் எழுந்துபோய் உட்கார்ந்திருப்பார் என்று.

கோப்பின் பெயரில் முழுமை என்று இருந்தது. உள்ளே இருந்த எண்ணை நான் பார்க்கவில்லை.